மீனுக்காக மட்டுமா வருகிறார்கள்?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மீன் பிடித்துப் பணம் பெறுவது பிழைப்பு. பணம் கொடுத்து மீன் பிடிப்பதை என்னவென்று சொல்வது? பிடித்த மீனையும் மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பள்ளிப் பருவத்தில் என்னைப் பற்றிக்கொண்ட இந்தக் கேள்வி, விலங்கியல் மாணவனாகிய இன்றும் என்னை விடவில்லை. அதற்கு எனக்குத் தோன்றிய விடையை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரை.

ஒகேனக்கல் அருவிக்குக் கீழே, மேட்டூர் நீர்த்தேக்கம் தொடங்கும் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். தாத்தா வலை போட்டவர். அப்பா பரிசலும் ஓட்டுவார், வலையும் போடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான்.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை. பெங்களூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கையில் நீண்ட பையும் அதற்குள் மடக்கி வைத்த தூண்டில் கம்பும் இருந்தன. நாள் முழுவதற்கும் பரிசல் பேசினார். பிறகு அவர் கேட்டது எங்களைத் திகைக்க வைத்தது.

“தம்பி, வீட்டில் கேழ்வரகு மாவு இருக்குமா? கெட்டியாகக் களி கிண்டித் தரச் சொல்லுங்களேன்.”

அம்மா களி கிண்டினாள். அவர் அதை வாங்கி, பிசைந்து பிசைந்து எலுமிச்சம்பழ அளவில் உருட்டினார். எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. “நாம தின்ற களிய மீனுக்கா போடறாரு?” என்று அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நாள் முழுவதும் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பேச்சு அதிகமில்லை. கண் மட்டும் நீரின் மேலேயே இருந்தது. மாலைக்குள் ஒரே ஒரு கெண்டைதான் மாட்டியது, முழங்கை நீளம்கூட இல்லை. அதையும் நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார்.

“ஐயா, அத ஏன் விட்டீங்க? ஒரு வேளைக் கொழம்புக்கு ஆகுமே” என்றார் அப்பா.

“போகட்டும் தம்பி, பெரிசாகட்டும்” என்றார் அவர்.

பேசியதற்கு மேல் நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். அப்பாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல நாள்” என்று சொல்லிப் போனார். அன்று இரவு சாப்பாட்டில் கைவைத்தபடியே அப்பா சொன்னது என் காதில் இன்றும் ஒலிக்கிறது: “வலைல ஒண்ணும் விழலன்னா எனக்குச் சோறு எறங்காது. இந்த மனுசன் வெறுங்கையோட போறாரு, முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. என்னடா சங்கதி?”

அந்தச் சங்கதி என்ன என்று பார்ப்போம்.

மீனின் பெருமை

பொழுதுபோக்குத் தூண்டிற்காரர்களைத் தொலைநாட்டிலிருந்தும் காவிரிக்கு இழுத்து வந்தது ஒரு மீன். ஆங்கிலத்தில் மகசீர் என்பார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது ஆனைக்கெண்டை. கெண்டை இனத்தில் இதற்கு நிகரான உடற்கட்டு கொண்டவை சிலவே. வாயின் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டின் ஓட்டை நொறுக்கித் தின்னும். தூண்டில் முள்ளையும் நசுக்கிவிடும் என்பது பிடித்தவர் அனுபவம். முள் தைத்ததும் நீரோட்டத்தோடு கீழ்நோக்கிப் பாயும். பாறைகளுக்கிடையே நூறு முழம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பரிசலில் ஏறி அதைத் துரத்திப் போனால்தான் உண்டு.

சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலை வெளியிட்டார். தம் நாட்டவர் தலைமேல் வைத்துப் போற்றிய சால்மன் மீனுக்கும் மேலாக மகசீரை அவர் மதித்தார். 1946இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இன்ஜென் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த மீனின் எடை 120 ராத்தல். அதாவது ஏறத்தாழ 54 கிலோ. ஒரு வளர்ந்த பையனின் எடை! அதன் பிறகு ஆற்றில் பெரிய மீன் இல்லை என்று உலகம் எண்ணியிருந்த வேளையில், 1970களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த சில இளைஞர்கள் காவிரியில் மகசீர் இன்னும் வாழ்கிறது என்று கண்டு சொன்னார்கள். அந்தச் செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கருநாடகத்தில் பீமேசுவரி, காலிபோர் ஆகிய இடங்களில் முகாம்கள் எழுந்தன. பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது. கருநாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் முகாம் நடத்தியது. பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பதே அங்கு விதி.

ஆக, பெரிய மீன் ஒரு காரணம். மறுப்பதற்கில்லை. ஆனால் அது மட்டுமே காரணமா?

எட்டாத மீனும் எதிர்பார்ப்பும்

ஒரு கணக்கைப் பாருங்கள். காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர்கள் எழுதி வைத்த குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். 23,620 மணி நேரம் தூண்டில் போட்டு அவர்கள் பிடித்து விட்ட மகசீர்கள் 6,161. சராசரி பார்த்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீன்! அதிலும் பெரும்பெரும் மீன் சிலருக்கே வாய்க்கும். மீன்தான் குறிக்கோள் என்றால் சந்தைக்குப் போவதல்லவா சுலபம்?

அவர்களை இழுப்பது, கிடைக்குமா கிடைக்காதா என்ற அந்த எதிர்பார்ப்பே என்பது என் கருத்து. நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த நாளே அலுத்துப் போகும். நிச்சயமாகக் கிடைக்காது என்றாலும் எவரும் வரமாட்டார். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அந்த நம்பிக்கைதான் கம்பைப் பிடித்த கையைத் தாழவிடாமல் வைத்திருக்கிறது. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் நமக்கு இது புரியாதா என்ன?

இரண்டாவது, ஆறு. பாறை, பரிசல், கரையில் மருதமரம், மாலையில் நீர் குடிக்க வரும் யானைக்கூட்டம். நகரத்தில் நாற்காலியில் இருந்தபடியே முதுகு கூனிப்போனவருக்கு இவை மருந்து. ஆனால் சும்மா உட்கார்ந்து ஆற்றைப் பார் என்றால் மனிதனால் அரைமணி நேரம் முடிவதில்லை. கையில் தூண்டில் இருந்தால் ஒருநாள் முழுவதும் பார்க்கிறான். நீரின் நிறம் மாறுவதையும், காற்று திரும்புவதையும், சுழி எங்கே விழுகிறது என்பதையும் கவனிக்கிறான். தூண்டில் என்பது ஆற்றைப் பார்ப்பதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம்.

நீலகிரியின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அங்கிருந்த ஆங்கிலேயர்கள் மலை ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட 1860களிலேயே முயன்று தோற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வென்றார்கள். அவலாஞ்சியில் பொரிப்பகமும் அமைந்தது. சாப்பிட மீனில்லாமலா இத்தனை பாடு? பிறந்த ஊரின் ஓடையை அவர்கள் தேடினார்கள். கிடைக்கவில்லை, ஆகவே மீனைக் கொண்டுவந்து அதை உண்டாக்கிக்கொண்டார்கள்.

விளம்பரத்தில் வராத மனிதன்

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதைப் பலரும் பேசுவதில்லை. தூண்டிற்காரர் எவ்வளவு விலையுயர்ந்த கம்பு கொண்டுவந்தாலும், மீன் எந்த மடுவில் கிடக்கும் என்று காட்ட ஓர் உள்ளூர்க்காரன் வேண்டும். பரிசலை எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. காவிரி முகாம்களில் புகழ்பெற்ற இரை எது? வெளிநாட்டுச் சரக்கா? இல்லை. எங்கள் அம்மா கிண்டிய அதே கேழ்வரகுக் களி! அந்த அறிவைத் தந்தவர்கள் ஆற்றோரத்து ஏழைகள்.

அந்த முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றவர்களில், முன்பு வலையும் வெடியும் வைத்து மீன் பிடித்தவர்களும் இருந்தார்கள். மடுவில் தோட்டாப் போட்டால் ஒருநாள் கூலி கிடைக்கும். மீனை உயிரோடு விட்டால் மாதந்தோறும் சம்பளம் கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் எதற்கு? அவர்கள் புரிந்துகொண்டார்கள், மீனைக் காத்தார்கள். எங்களூருக்கு வந்த பெரியவர் அப்பாவின் கைகளைப் பற்றிக்கொண்டதன் பொருள் எனக்கு இப்போது விளங்குகிறது. அவரை நம்பித்தான் அவர் நாள் முழுவதும் நீரில் இருந்தார்.

எதிர்க் கேள்விகள்

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது.

“விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்துவதா?” என்று நண்பர் ஒருவர் விடுதியில் என்னோடு வாதிட்டார். நியாயமான கேள்வி. மீனுக்கு வலி தெரியாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். டிரவுட் மீனின் தலைப்பகுதியில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் உண்டு என்று 2003இல் ஆய்வு காட்டியது. எனவே விட்டுவிடுகிறோம் என்பதால் துன்பமே இல்லை என்று எவரும் வாதிட முடியாது. கொக்கி விளிம்பில்லாத ஒற்றை முள், மீனை நீரைவிட்டு எடுக்காமை ஆகியவற்றால் துன்பத்தைக் குறைக்கலாம். இல்லாமல் ஆக்க இயலாது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இரண்டாவது கேள்வி என் வீட்டுக் கேள்வி. நான் பிறப்பதற்கு முன், தாத்தா ஒருமுறை தடுக்கப்பட்ட இடத்தில் வலை போட்டதற்காகப் பிடிபட்டார். வலை போயிற்று. பாட்டியின் காதுத் தோட்டை அடகு வைத்து அபராதம் கட்டினார்கள். தோடு திரும்பவே இல்லை. பசிக்காக மீன் பிடித்தவர் திருடர். பொழுதுபோக்குக்காகப் பிடித்தவர் விளையாட்டு வீரர். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் என்னை நெடுநாள் உறுத்தியது. தாத்தா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. மீன் அருகிவிட்டது, விதி வேண்டும். ஆனால் அந்த விதி வகுக்கப்பட்டபோது, ஆற்றையே சோறாக நம்பியவனுக்கு மாற்று வழி காட்டப்படவில்லை என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை.

அன்பே அழிவானது

மூன்றாவது செய்தி எல்லாவற்றையும்விடக் கசப்பானது. காவிரியில் மகசீர் என்பது ஒரே மீனன்று. முதுகு திமில்போல உயர்ந்து, துடுப்புகள் செம்மஞ்சளாக ஒளிரும் ‘திமில் மகசீர்’ காவிரித் தொகுதிக்கே உரியது, வேறெங்கும் இல்லாதது. நீலத் துடுப்பு மகசீர் என்பது கிருஷ்ணா தொகுதியைச் சேர்ந்த வேறோர் இனம். மகசீர் குறைகிறதே என்ற கவலையில், மகாராட்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத் துடுப்புக் குஞ்சுகளைப் பல ஆறுகளில் விட்டார்கள். காவிரியிலும் விட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் விட்டார்கள்.

நடந்தது என்ன? நான் முன்பு சொன்ன அதே குறிப்பேடுகள் காட்டின: நீலத் துடுப்பு பெருகிப் பெருகி வந்தது, திமில் மகசீர் அருகி அருகிப் போனது. அணைகள், வெடி, மணல் கொள்ளை ஆகியவற்றோடு வந்தேறிய உறவினமும் சேர்ந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலகம் முழுதும் புகழ்பெற்ற அந்த மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர்கூட இருக்கவில்லை! கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட ‘டார் ரேமாதேவியே’ என்ற இனமே அது என்று 2018இல்தான் தெளிவாயிற்று. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ரேமா தேவி அவர்களைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. தெளிவுக்குப் பெரிதும் உதவிய மீன்கள் நம் மோயாற்றில் கிடைத்தவை. பெயர் உறுதியான அதே ஆண்டில் ‘மிகவும் அழிநிலையிலுள்ள இனம்’ என்ற பட்டியலிலும் அது ஏறிற்று. பெயர் சூட்டும் விழாவும் இறுதிச் சடங்கும் ஒரே பந்தலில் நடப்பதுபோல!

ஆகவே தூண்டிற்காரரின் ஆசைக்கு இரண்டு முகங்கள். அவர்கள் குறிப்பெழுதி வைத்திராவிட்டால் ஒரு மீன் மறைந்துகொண்டிருப்பது எவருக்கும் தெரிந்திராது. மீன் இன்னும் நிறைய வேண்டும் என்ற ஆசை இல்லாதிருந்தால் வந்தேறிக் குஞ்சுகளை விட்டிருக்கவும் மாட்டார்கள்.

என் கருத்து

கருநாடகத்தில் முகாம்கள் இருந்த பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்ற விளக்கத்தால், 2012ஆம் ஆண்டோடு அங்கே தூண்டில் நின்றது. முகாமின் காவலும் குறிப்பேடும் அதோடு நின்றன. காவல் போன இடத்தில் வெடி திரும்பி வரும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

நம் பக்கத்திலும் காவிரி வடக்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. நல்லதே. யானைக்கும் காட்டுக்கும் அரண் வேண்டும். ஆனால் அரண் கட்டினால் மட்டும் ஆறு பிழைக்குமா? இருபத்து நான்கு மணி நேரமும் ஆற்றங்கரையில் இருப்பவன் யார்? அங்கே பிறந்தவன்தான். அவனை வெளியே நிறுத்திவிட்டு ஆற்றைக் காக்க எத்தனை காவலர் வேண்டும்?

ஆகவே எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். திமில் மகசீர் எஞ்சியிருக்கும் மோயாறு போன்ற இடங்களில் தூண்டிலே வேண்டாம். எந்த மீன் கவ்வும் என்று தூண்டில் போடுபவரால் தேர்ந்தெடுக்க முடியாதல்லவா? அங்கே அந்த மீன் நிம்மதியாக முட்டையிடட்டும். ஆனால் சரணாலயங்களுக்கு வெளியே, வளர்ப்பு மீனும் வந்தேறி மீனும் நிறைந்த நீர்த்தேக்கப் பகுதிகளில், பிடித்து விடும் தூண்டிலுக்கு அனுமதி தரலாம். அனுமதிக் கட்டணத்தில் ஒரு பங்கு கரையோர மீனவர் கூட்டுறவுக்குப் போகட்டும். வழிகாட்டி வேலை உள்ளூர்க்காரருக்கே என்று விதி இருக்கட்டும். மழைக்காலத்தில் மீன் எதிரேறி முட்டையிடப் போகும் மாதங்களில் தூண்டிலுக்கு விடுமுறை. எந்தக் காரணத்துக்காகவும் வெளியாற்றுக் குஞ்சை விடக்கூடாது.

இன்னொன்றும் சொல்வேன். பிடித்த மீனின் இனம், நீளம், இடம், நாள் ஆகியவற்றை எழுதும் குறிப்பேட்டை நம்மைப் போன்ற கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் பராமரிக்கலாம். ஃபார்மலின் புட்டியில் வெளுத்துக் கிடக்கும் மீனை வரைந்து மதிப்பெண் பெறும் நாம், ஆண்டுக்கு நான்கு நாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் குறைந்தா போவோம்?

சுற்றுலா என்றாலே விடுதியும் வண்ண விளக்கும் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூண்டிற்காரரை வரவழைப்பவை விளக்குகளல்ல. ஓடும் நீரும், அதில் ஒளிந்திருக்கும் பெரிய மீனும், அதை அறிந்த ஒரு மனிதனும் இருந்தால் அவர் கூரையில்லாத இடத்துக்கும் வருவார். இம்மூன்றில் ஒன்று போனாலும், மாளிகை கட்டினாலும் வரமாட்டார். எவர் வருவதற்கும் முன்னால் நமக்கே அம்மூன்றும் வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

“படிச்சு முடிச்சுட்டு இந்த ஆத்தப் பக்கமே வராத கண்ணு. இது எங்களோட போவட்டும்” என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவர் பட்ட பாடு அவரைச் சொல்ல வைக்கிறது. அவர் சொல்லை நான் தட்டியதில்லை. இந்த ஒன்றை மட்டும் தட்டலாம் என்று இருக்கிறேன். பட்டம் வாங்கியபின் ஆற்றங்கரைக்குத்தான் போவேன், ஆனால் கையில் குறிப்பேட்டோடு போவேன். அந்தப் பெங்களூர்ப் பெரியவர் மறுபடி வந்தால், “ஐயா, நீங்கள் விட்ட மீன் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று அளந்து வைத்திருக்கிறேன்” என்று சொல்ல ஆசை.

அப்பா பரிசல் ஓட்டட்டும். அம்மா களி கிண்டட்டும், மீனுக்கும் சேர்த்து.